ரெஸ்ட்டா, கிராஃப்கியூஎல்லா?

கோவில்பட்டியில் உமாராணியும் அவள் புருஷன் சுடலைக்குமாரும் மிளகாய் வத்தல் வியாபாரி ஒருவருக்கு ஆப் செய்கிறார்கள். திரை அவளுடையது, சர்வர் அவனுடையது. இன்று நாலு மணிக்கு அவர் வந்து பார்க்கும்போது ஆப் ஓடாவிட்டால் வேலை வேறு ஆளுக்குப் போய்விடும்.

திரையும் சர்வரும் ரெஸ்ட், கிராஃப்கியூஎல் என்ற இரண்டு முறைகளில் எதில் பேசிக்கொள்வது என்பதில்தான் முந்தாநாள் சண்டை.

“ரெஸ்ட்தான். வெலைக்கு ஒரு வாசல், இருப்புக்கு ஒரு வாசல்” என்றான் அவன்.

“எதுக்கு வாசல் வாசலா ஏறி எறங்கணும்? கிராஃப்கியூஎல்னா ஒரே வாசல்ல வேண்டியத மட்டும் கேட்டு வாங்கிக்கிடலாம்லா” என்றாள் அவள்.

அதோடு பேச்சு நின்றது.

நேற்று மாமியார் சீனித்தாய் வந்து, “ஏட்டி, அவன் மொரடன். நீ விட்டுக்குடு” என்று காதைக் கடித்தாள். உமாராணி தன் பக்கத்தை முழுக்க ரெஸ்ட்டுக்கு மாற்றினாள். அவன் முழிக்கப் போகிற முழியை நினைத்து உள்ளுக்குள் ஒரே துள்ளல்.

மூன்றே முக்காலுக்கு இரண்டையும் இணைத்தார்கள். திரையில் ஒரு வத்தல்கூட வரவில்லை.

“ஏங்க, ஒங்க ரெஸ்ட் வாசலெல்லாம் எங்க?”

“நீ ஆசப்பட்டியேன்னு கிராஃப்கியூஎல்லுக்கு மாத்திட்டேன்ட்டி!”

வெளியே வியாபாரியின் பைக் வந்து நின்றது. இருவரும் பின்னால் நின்ற சீனித்தாயைத் திரும்பிப் பார்த்தார்கள்.

“ரெண்டு பேருகிட்டயும்தான் விட்டுக்குடுக்கச் சொன்னேன்” என்றாள் அவள். “ஒருத்தராவது எம் பேச்சக் கேக்காம இருப்பீயன்னு நம்பில்லா சொன்னேன்!”