புகைக்குழாய்ப் பக்கம்

“நிறுத்துய்யா வண்டிய! நிக்கிற வண்டிக்கு என்னத்துக்குய்யா இம்புட்டுப் புகை?”

ஒச்சம்மாள் போட்ட சத்தத்தில் தாடிக்கொம்பு கடைவீதியே திரும்பிப் பார்த்தது.

டிரைவர் கஸ்பார் மட்டும் திரும்பவில்லை. காதில் விழாத மாதிரி ஸ்டியரிங்கில் கை வைத்து உட்கார்ந்திருந்தார். திண்டுக்கல் போகிற அந்த மூக்கு நீண்ட பஸ், ஆள் சேரட்டும் என்று நின்ற இடத்திலேயே உறுமிக்கொண்டிருந்தது.

பின் சீட்டில் அவள் புருஷன் சடையாண்டி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு மூச்சுக்குத் தவித்தான். ராத்திரியிலிருந்து இழுப்பு. அகரத்திலிருந்து மாட்டு வண்டியில் கொண்டுவந்து ஏற்றியிருந்தாள். பெரியாஸ்பத்திரியில் ஊசி போட்டால்தான் அடங்கும்.

புகையே ஆகாது என்று போன தடவையே டாக்டர் சொல்லியிருந்தார். அதற்காக வீட்டு அடுப்பையே வெளியே கொண்டுபோய் வைத்தவள் அவள். அவன் பக்கத்தில் ஒருத்தனையும் பீடி பற்றவைக்க விடமாட்டாள்.

அப்படிப் பொத்திப் பொத்திக் காத்த மனுஷன் மேல் இந்தக் கரும்புகை சுருண்டு சுருண்டு வந்து விழுந்தது. காலையில் வருகிற பஸ்ஸின் புகை கரிதான் பூசும். இந்த மாதிரி உச்சி வெயிலில் அதே புகை, மிளகாய் அரைத்த கையைக் கண்ணில் வைத்த மாதிரி எரியும். வெயிலும் புகையும் கூட்டுச் சேர்ந்தால் என்ன எழவு ஆகுமோ, அது அவளுக்குத் தெரியாது. கண்ணுக்குத் தெரிந்தது.

சடையாண்டியின் உதடு நீலம் பாரித்தது.

அவ்வளவுதான். இறங்கிப் போய் டிரைவர் பக்கத்துக் கதவை ஓங்கி அறைந்தாள்.

“எம் புருஷன் செத்தா ஓன் வாசல்லதான் கொண்டாந்து போடுவேன். நிறுத்துறியா, இல்ல மண்ண அள்ளிக் குழாயில அடைக்கட்டுமா?”

சொன்னதோடு நிற்கவில்லை. இரண்டு கை நிறைய அள்ளியும் விட்டாள்.

கஸ்பார் மண்ணைப் பார்த்தார். கண்டக்டர், “அண்ணே, வேணாம்ணே” என்றான். அவர் இன்ஜினை நிறுத்தினார்.

அப்பாடா! புகை அடங்கியது. சடையாண்டியின் நெஞ்சு கொஞ்சம் நிதானமாக ஏறி இறங்கியது. ஒச்சம்மாள் மண்ணைக் கொட்டிவிட்டுக் கையைத் தட்டினாள். கேட்டால்தானே நடக்கிறது!

செத்த நேரத்தில் ஆள் சேர்ந்தது. கண்டக்டர் விசில் ஊதினான். பஸ் கிளம்பவில்லை.

கஸ்பார் இறங்கி வந்து, அவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னார்.

“பேட்டரி செத்துப்போச்சு, தாயி. தீவாளியிலருந்து கேக்குறேன், மொதலாளி வாங்கித் தரல. வெளிய சொன்னா எஞ் சோலிக்கு வேட்டு. அதான் நிறுத்துறதே இல்ல.”

அவளுக்கு ஆத்திரம் பற்றிக்கொண்டு வந்தது. இந்த ஆள் மேல் இல்லை. பஸ்ஸின் நெற்றியில் தன் பெயரைக் கொட்டை எழுத்தில் எழுதிவைத்துவிட்டு, திண்டுக்கல்லில் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்திருக்கிற அந்தப் புண்ணியவான் மேல். அவன் மூக்கு இங்கே இல்லையே!

ஆம்பிளைகள் எல்லாரும் தள்ளுவதற்கு இறங்கினார்கள். பஸ்ஸின் பின்னால் இடப்பக்கம் நெருக்கியடித்து நின்றார்கள். வலப்பக்கம், புகைக்குழாய்க்கு நேரே, ஒருத்தனும் நிற்கவில்லை.

ஒச்சம்மாள் சேலையை வரிந்து கட்டிக்கொண்டு அங்கே போய்க் கை கொடுத்தாள்.

பஸ் நகர்ந்தது, குலுங்கியது. அடக்கி வைத்திருந்த புகை முழுவதையும் அவள் மேல் கக்கிவிட்டு, கொஞ்சம் தள்ளிப் போய் உறுமிக்கொண்டு நின்றது.

கரி அப்பிய முகத்தோடு, முதலாளியின் ஏழு தலைமுறையையும் இழுத்து வைதபடி ஏறினாள். புருஷன் பக்கத்தில் உட்கார்ந்து, நெஞ்சைத் தடவிவிடக் கை நீட்டினாள்.

சடையாண்டிக்கு இருமல் பிடித்துக்கொண்டது. கண் பிதுங்கியது. பேச முடியாமல் அவளைக் கையால் தள்ளினான்.

அப்போதுதான் தன் சேலையின் நாற்றம் அவள் மூக்கில் ஏறியது.

எழுந்து முன்னால் போனாள். திண்டுக்கல் வருகிற வரைக்கும் டிரைவர் சீட்டுக்குப் பின்னால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, பின் சீட்டைப் பார்த்தபடியே நின்றாள். வைவதை மட்டும் நிறுத்தவில்லை.