மூன்று மாதக் காற்று

முதலாளியம்மா சாயங்காலம் படகுக்கு வருவதாகக் காலையில் போன் வந்தது. காவல்காரர் அவசரமாகச் சாவியைத் தேடி எடுத்தார்.

துறையில் கட்டிக் கிடக்கும் பாய்மரப் படகின் அறையை வாரம் ஒருமுறை திறந்து காற்றாட விடுவதுதான் அவர் வேலை. முதலாளி வராததால் மூன்று மாதமாக அந்தப் பக்கமே அவர் எட்டிப் பார்க்கவில்லை.

ஓடிப்போய்த் திறந்தார். புழுங்கின வாடை குப்பென்று அடித்தது. ஜன்னல்களைத் திறந்துவிட்டு மெத்தையை வெயிலில் போட்டார். தலையணை உறை, முதலாளியின் பழைய சட்டை, போர்வை எல்லாவற்றையும் சோப்புப் போட்டு அடித்துத் துவைத்தார்.

பக்கத்துப் படகுக்காரன் சிரித்தான். "என்னண்ணே, மூணு மாசக் காத்தையும் ஒரே நாள்ல உள்ள விடுறீங்க?"

"வாயை மூடிக்கிட்டு அந்த வாளியை எடுடா."

சாயங்காலம் அம்மா வந்து படகுக்குள் இறங்கினார். காய்ந்த சட்டையை முகத்தருகே கொண்டுபோய்ப் பார்த்தார்.

"வாராவாரம் திறந்தீங்களா, பெரியவரே?"

"ஒரு வாரம்கூடத் தவறலைம்மா." பொய் வழுக்கிக்கொண்டு வந்தது.

அம்மா அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"அவர் இறந்து மூணு மாசம் ஆச்சு. உங்களுக்குச் சொல்லணும்னு யாருக்கும் தோணலை. வீட்டுல இருந்த துணியையெல்லாம் துவைச்சு யார் யாருக்கோ கொடுத்துட்டாங்க. இங்கயாவது அவர் வாசம் இருக்கும்னு வந்தேன். நீங்க சோம்பல்பட்டுத் திறக்காம விட்டிருக்கணும்னு வழியெல்லாம் வேண்டிக்கிட்டேன்."

காவல்காரர் வெளியே காய்ந்துகொண்டிருந்த போர்வையைப் பார்த்தார்.

"உங்க மேல தப்பில்லை. உங்க வேலையைத்தானே செஞ்சீங்க" என்றார் அம்மா.

சோப்புத் தண்ணீரில் ஊறிச் சுருங்கிய கைகளைக் காவல்காரர் முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார்.