கூடை தூக்கிய வைத்திலிங்கம்

மகள் வீட்டுக்குப் போகப் பாண்டிச்சேரி பஸ்ஸில் ஏறிய அன்னபூரணி, முன் சீட்டில் வைத்திலிங்கத்தைப் பார்த்ததும் கடைசி சீட்டுக்குப் போய் உட்கார்ந்தாள்.

பக்கத்தில் அவன் பெண்டாட்டி அஞ்சுகம், சன்னல் கம்பியைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள்.

எங்கே போகிறார்கள் என்று கேட்கவே வேண்டாம். கிளிஞ்சல்மேடு ஊருக்கே தெரியும். மனசு டாக்டரிடம்.

வைத்திலிங்கத்துக்குப் புத்தி பிசகிவிட்டது. ஊரில் அதில் இரண்டு கருத்து கிடையாது.

கடலுக்குப் போகிற ஆம்பளை, மீனைக் கரையில் கொட்டினால் அவன் வேலை முடிந்தது. கூடையில் சுமந்துபோய் விற்பது பெண்கள் பாடு. இந்த மனுஷனோ போன மழைக்காலத்தில் கடலுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுக் கூடையைத் தலையில் தூக்கிக்கொண்டான். காரைக்கால் மார்க்கெட்டில் பெண்களோடு பெண்ணாகக் குந்தி மீன் விற்றான். குழாயடியில் குடத்தோடு நின்றான். மகளுக்குத் தலை பின்னிவிட்டான், அதுவும் கோணல்மாணலாக.

ஊர் சிரித்தது.

"எனக்குத்தான் கொஞ்சம் சரியில்ல" என்று அவனே ஒப்புக்கொண்டான். இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

அஞ்சுகம் வெளியே தலைகாட்டுவதையே விட்டுவிட்டாள். மானஸ்தி, அவமானம் தாங்கவில்லை என்று அன்னபூரணி நினைத்தாள். வேறொருத்தியாக இருந்தால் எப்போதோ தாய்வீட்டுக்கு நடையைக் கட்டியிருப்பாள். இவள் பொறுத்துக்கொண்டாள். அன்னபூரணிக்கு அவள்மேல் அப்படி ஒரு மரியாதை.

அதனால்தான் சேதியைச் சொல்ல நாக்கு எழவில்லை. வைத்திலிங்கம் கடலுக்குப் போய்வந்த படகு அன்னபூரணியின் புருஷன் நீலமேகத்துடையது. வைத்திலிங்கத்தின் இடத்தை இத்தனை நாள் விட்டுவைத்திருந்தவர், இன்று சாயங்காலம் வேறு ஆளைச் சேர்க்கப்போகிறார். கிறுக்கனை நம்பி நடுக்கடலில் யார் வலை வீசுவார்கள்?

சொல்லித்தானே ஆக வேண்டும். தரங்கம்பாடி தாண்டியதும் எழுந்துபோய் அவர்களுக்குப் பின் சீட்டில் உட்கார்ந்தாள். அஞ்சுகத்தின் தோளைத் தொட்டாள்.

"தப்பா நெனைக்காத புள்ள. படகுல ஒன் வூட்டுக்காரருக்கு இனிமே எடமில்ல. புத்தி சரியில்லாத ஆள எப்புடி ஏத்துறது?"

வைத்திலிங்கம் கேட்டுக்கொண்டுதான் இருந்தான். உயிரே கடலில்தான் என்று இருந்தவன். சரியென்று தலையை ஆட்டினான்.

அஞ்சுகம் கம்பியை விட்டுவிட்டு மெல்லத் திரும்பினாள். கண்ணுக்குக் கீழே கறுத்துக் கிடந்தது. வாயைத் திறக்கவே அவள் பட்ட பாட்டைப் பார்க்க வேண்டும்.

வேண்டாம் என்று வைத்திலிங்கம் பதறி அவள் கையைப் பிடித்தான்.

அவள் கேட்கவில்லை. பெல்பாட்டம் போட்ட காலேஜ் பையன்கள்கூடப் பேச்சை நிறுத்தித் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சத்தமாகச் சொன்னாள்.

"அவருக்கு ஒண்ணுமில்லக்கா. வைத்தியம் எனக்கு. பாயை விட்டு எந்திரிக்க முடியாம, சாவோமான்னு கெடந்தேன். டாக்டரு மாத்திரையிலதான் இப்ப எந்திரிச்சு நிக்கிறேன். பேயின்னு சொல்லி என்னைய வேப்பிலையால அடிச்சிருவீங்கன்னுதான், கிறுக்கன்கிற பேர இவரு வாங்கிக்கிட்டாரு."

சீர்காழியில் அன்னபூரணி இறங்கிவிட்டாள். மகள் வீட்டுக்கு நாளைக்குப் போய்க்கொள்ளலாம். சாயங்காலத்துக்குள் அவள் ஊர் திரும்பியாக வேண்டும்.