தேய்ந்த டயரின் தடம்

“அப்பா, நீங்க ஆஸ்பத்திரியில இருந்தப்ப நம்ம புல்லை யாருப்பா வெட்டினாங்க?” என்று மகள் ஒருநாள் அவனிடம் கேட்டாள். புல்வெளியில் பதிந்திருந்த, ஒரு பக்கம் தேய்ந்த டயரின் தடம்தான் அவனுக்குப் பதில் சொன்னது. அது பக்கத்து வீட்டுத் தையற்காரரின் புல்வெட்டும் டிராக்டருடைய தடம். கேட்டபோது அவரோ, “நானா? உங்க வீட்டுப் புல்லு வெக்கப்பட்டுத் தானா குனிஞ்சிருக்கும், தம்பி!” என்று மழுப்பிவிட்டார். இப்போது அவர் குளிர்காலத்துக்குத் தன் மகள் வீட்டுக்குப் போயிருக்கிறார். போன அவசரத்தில் அந்த டிராக்டரில் பெட்ரோலை அப்படியே விட்டுவிட்டார். மாதக்கணக்கில் கிடந்தால் அது பிசுபிசுத்து எஞ்சினை அடைத்துவிடும். அகலத் திறந்த அவருடைய கொட்டகைக்குள் மாலை வெயில் சாய்கிறது. அவன் பெட்ரோலைக் கேனில் வடிக்கிறான். மிச்சம் தீரும்வரை ஓடிய எஞ்சின் இரண்டு முறை இருமி அடங்குகிறது. பிளேடைக் கழற்றி, காய்ந்த புல்லைச் சுரண்டி, அரத்தால் தீட்டி, எண்ணெய் தடவி மாட்டுகிறான். “ஆண்டவனே, அவர் நல்லா இருக்கணும்” என்று முணுமுணுத்தபடி அந்தத் தேய்ந்த டயரைத் தட்டிக்கொடுக்கிறான். பிறகு, தூசியில் பதிந்த தன் காலடித் தடங்களை ஒன்றுவிடாமல் கூட்டிவிட்டுக் கதவைச் சாத்துகிறான்.