பிரபு சொல்லாத பெயர்

“தேவி கோவிச்சுக்குவாளா? நிலநடுக்கம் வந்த வருஷத்துலேருந்து அவ சரக்கறையில துணி மூடிக் கிடக்கறா. தூசி தட்டறவ நான். எங்கிட்ட ஒரு நாளும் கோவிச்சுக்கல!”

கினுவின் குரல் பிரபு வீட்டு வேலியைத் தாண்டி மீன்கடைக்கு வந்தது.

மீன்காரியின் கத்தி நின்றது.

“மெதுவா, கினு. பத்திரிகைக்காரங்க இருக்காங்க,” என்றார் கிழப்பிரபு.

இருந்தார்கள். எதிரே நூடுல்ஸ் கடை மாடியில் ஐந்து பேர், காதைத் தீட்டிக்கொண்டு.

முந்தின நாள் டோக்கியோவில் அமைச்சரவை விழுந்திருந்தது. அது விழும்போதெல்லாம் பேரரசரின் தூதர் ரயிலேறி இந்தக் கடலோர ஊருக்கு வருவார். அடுத்து யார் என்று கேட்பார். எண்பத்தாறு வயதுப் பிரபு ஒரு பெயர் சொல்வார்.

அந்தப் பெயர் பிரதமராகிவிடும்.

ஐந்து வருடத்தில் நான்கு பெயர் சொல்லியாயிற்று. அவள் பெயருக்குத்தான் வாய் வரவில்லை. குடும்பப் பதிவேட்டில் மனைவி என்று எழுத ஒரு தாள். அதில் அவருடைய முத்திரை. பதினெட்டு வருடமாக அவள் கேட்டது அவ்வளவுதான்.

குல வழக்கம் குறுக்கே நின்றது. தலைமுறை தலைமுறையாக அரண்மனையில் பிவா மீட்டிய வம்சம். அந்த வாத்தியத்தை மடியில் ஏந்திய பென்சைத்தென் தேவியே குலதெய்வம். சட்டப்படி ஒரு மனைவி வந்தால் தேவி பொறாமையில் குலத்தையே அழித்துவிடுவாளாம். அதனால் பிரபுக்கள் மணப்பதில்லை.

சமைக்க, மருந்து எடுத்துக் கொடுக்க, படுக்கை விரிக்க ஒருத்தி இருக்கலாம். தேவியின் பொறாமை பதிவேட்டைப் பார்த்தால் மட்டும் வரும் போலிருக்கிறது.

“நாட்டுக்குப் பிரதமர் இல்ல. இன்னிக்கா இந்தப் பேச்சு?”

“நாட்டுக்கு என்னிக்குத்தான் நிலையா ஒருத்தர் இருந்தாரு?”

மீன்காரி சிரிப்பை அடக்கக் கிமோனோவின் கையைக் கடித்துக்கொண்டாள்.

“சரி. தூதர் வரட்டும். முத்திரையை எப்படியும் வெளியே எடுக்கணும். உன்னுதுலயும் வெச்சிடறேன்.”

அவள் நம்பினாள். விசேஷத்துக்கு உடுத்தும் கருப்புக் கிமோனோவை உடுத்திக்கொண்டாள்.

பகல் ரயிலில் தூதர் வந்தார். அவள் மை அரைத்துக் கொடுத்தாள். பிரபு ஒரு கடற்படைத் தளபதியின் பெயரை எழுதினார். சிவப்பு மையில் முத்திரையைத் தோய்த்து வைத்தார்.

ஈரம் காயவில்லை. அவள் தன் தாளை மெல்ல அவர் கையருகே நகர்த்தினாள்.

பிரபு முத்திரையைத் துடைத்தார்.

பெட்டியில் வைத்தார்.

“தேநீர்,” என்றார்.

ஊற்றினாள். தூதருக்கு முதலில். பிறகு அவருக்கு.

உள்ளே போய் ஒரு மூட்டையோடு திரும்பினாள். “ஸ்டேஷன் வரைக்கும் உங்க காருல இடம் இருக்குங்களா?” என்று தூதரைக் கேட்டாள். அரண்மனை மனிதர். மறுத்துப் பேசத் தெரியாது.

கார் கிளம்பியதும் நூடுல்ஸ் கடை மாடி பரபரத்தது. தூதர் பக்கத்தில் பிரபு வீட்டுப் பெண்! கருப்புக் கிமோனோ! மடியில் மூட்டை! அடுத்த பிரதமருக்கு இரகசியக் கடிதம் போகிறது என்று முடிவு கட்டிவிட்டார்கள்.

காலையில் நடந்ததை வார்த்தை பிசகாமல் கேட்டவர்கள்தாம். ஆனால் அது வீட்டுச் சண்டை. செய்தி ஆகாது.

ஐவரில் ஒருவர், மூக்குக்கண்ணாடி போட்டவர், மனைவியை இழந்தவர், அவள் ஏறிய ரயிலிலேயே ஏறினார். நகோயாவில் அவள் அண்ணனின் மரச்செருப்புக் கடை வாசலில் மூன்று நாள் நின்றார்.

நான்காம் நாள் மழை. அவள் அவரை உள்ளே கூப்பிட்டு மூட்டையை அவிழ்த்துக் காட்டினாள்.

“படிச்சுக்குங்க. இதுதான் உங்க இரகசியம்.”

முத்திரை விழாத தாளை அவர் இரண்டு முறை படித்தார். பத்திரிகைக்குத் தந்தி அடித்தார்: செய்தி எதுவும் இல்லை.

தளபதியின் அமைச்சரவை ஏழு மாதம் தாங்கியது.

மறுபடி தூதர் வரும் நாள். புதிதாக வந்த சமையல்காரிக்குத் தேயிலை இருக்கும் இடம் தெரியவில்லை. பிரபுவுக்கும் தெரியவில்லை. தடியை ஊன்றி வேலி வரை வந்தார். மாடியை நிமிர்ந்து பார்த்தார்.

“நாலு பேர்தான் இருக்காங்க. கண்ணாடிக்காரர் வரலையா?”

மீன்காரி கத்தியைக் கீழே வைத்தாள். ஏழு மாதமாக ஊருக்கே சொல்லித் தீர்த்த கதை. இப்போது நாக்கு கொஞ்சம் தடுமாறியது.

“அவருக்குக் கல்யாணம் ஆயிடுச்சுங்க, பிரபு. நகோயாவுலயே இருந்துட்டாரு.”

“அப்படியா,” என்றார்.

பெண் யார் என்று அவர் கேட்கவில்லை.