வெள்ளிக்கிழமைக்கு முன்பே வந்த வைரஸ்

“பதிமூணாந்தேதி வெள்ளிக்கிழமைதான் கம்ப்யூட்டர் வைரஸ் வரும்னு பேப்பர்ல போட்டான். இங்க செவ்வாய்க்கிழமையே வந்துருச்சுலா தம்பி!”

முருகப்பன் செட்டியார் மேசைமேல் கிடந்த பத்து டிஸ்க்குகளையும் எட்ட நின்றே காட்டினார். தொட்டால் ஒட்டிக்கொள்ளும் என்ற பயம்.

ஈப்போவில் அவருடைய காப்புறுதி அலுவலகத்துக்கு இருந்தது ஒரே கம்ப்யூட்டர். நானூறு வாடிக்கையாளர்களின் இன்சூரன்ஸ் விவரமும் அந்த டிஸ்க்குகளில்தான். மூன்று நாளாக ஒன்றுகூடத் திறக்கவில்லை.

குற்றவாளியும் தயாராக இருந்தாள். தட்டச்சு செய்யும் மங்களம். மாலை வகுப்பிலிருந்து ஒரு டிஸ்க்கைக் கொண்டுவந்து இந்தக் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்திருக்கிறாள்.

“வைரஸ்னு ஒரு வார்த்தை சொல்லிட்டாப் போதும் தம்பி. இவள இன்னிக்கே சுங்காய் பஸ்ல ஏத்தி விட்டுர்றேன்.”

சுங்காய்த் தோட்டத்தில் மங்களத்தின் சம்பளத்தை நம்பி ஐந்து பேர் இருந்தார்கள்.

பழுது பார்க்க வந்த ஜெயபாலன் முதலில் அவளுடைய டிஸ்க்கைச் சோதித்தான். சுத்தம்.

பிறகு செட்டியாருடையவை. அவற்றில் நான்கின் ஓரத்தில் வெள்ளிநிற ஒட்டுத்தாள் ஒட்டியிருந்தது. அதை ஒட்டிவிட்டால் டிஸ்க்கில் எதையும் எழுத முடியாது. வைரஸாலும் முடியாது. ஆனால் அந்த நான்கும் செத்துத்தான் கிடந்தன.

அப்படியானால் நோய் வேறு.

ஒன்றை எடுத்து விளக்கருகே சாய்த்தான். கம்ப்யூட்டர் படிக்கும் கறுப்புத் தகடு வெளியே தெரியும் நீள்வட்டத் திறப்பில் காய்ந்த சந்தனம். நடுவில் குங்குமம். பத்திலும் இருந்தது. ஒரு பொட்டுகூடக் கோணவில்லை.

திங்கட்கிழமை ஆயுத பூஜை.

வைரஸ் அண்டக்கூடாதென்று வைத்த பொட்டு.

நெற்றி நிறையத் திருநீற்றோடு செட்டியார் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். சாமிக்குச் செய்ததுதான் கெடுத்தது என்று அந்த மனிதரிடம் எப்படிச் சொல்வது?

“வைரஸ் இல்ல மொதலாளி. மழை ஈரம். எல்லா டிஸ்க்குக்கும் வர்ற சாதாரணச் சீக்குதான். கழுவிக் காய வச்சு, வேற உறை போட்டா முக்கால்வாசி மீட்டுரலாம்.”

செட்டியாருக்குக் கண் கலங்கிவிட்டது.

“மனசுல வச்சுக்காத புள்ள” என்றார் மங்களத்திடம். விறுவிறுவென்று உள்ளே போனவர் புது டிஸ்க் பெட்டியோடு திரும்பினார். மற்றக் கையில் சந்தனக் கிண்ணம்.

“இனிமே ஈரமும் அண்டக்கூடாது பாருங்க.”

மோதிர விரலைச் சந்தனத்தில் தோய்த்தார். சொன்ன பொய்யை ஜெயபாலன் இனி எப்படித் திரும்ப வாங்குவது?

மங்களம் எழுந்து வந்தாள். பெட்டியை மூடி இரு கைகளாலும் அவர்முன் நீட்டினாள்.

“பொட்டிக்கு மேல வைங்க மொதலாளி. அன்னிக்கி மாதிரி ஒவ்வொண்ணா வச்சுச் சிரமப்பட வேணாம்.”

“ஆமாலா!” செட்டியார் சிரித்தார். “அன்னிக்கி நீதானே பக்கத்துல நின்னு ஒண்ணொண்ணா எடுத்துக் குடுத்த!”

ஜெயபாலன் அவளைத் திரும்பிப் பார்த்தான். காரணம் இவளுக்கும் தெரிந்திருக்கிறது.

அவள் பார்க்கவில்லை. செட்டியார் பொட்டு வைத்து முடிக்கும்வரை, பெட்டியின் மூடியை இரண்டு கட்டைவிரல்களாலும் அழுத்திப் பிடித்திருந்தாள்.