பெத்தவ கையெழுத்து

"அவ கேட்டா குடுத்துதான் ஆவணுமா சார்?" மலர்விழி மறுபடியும் அதையே கேட்டாள்.

குழந்தைகள் நலக்குழுத் தலைவர் வீரமணி கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "குடுத்துதான் ஆவணும்மா. நீங்க வளக்கறவங்க. பெத்தவங்களால பாத்துக்க முடியாத வரைக்கும்தான் புள்ள உங்ககிட்ட. மொத நாளே சொல்லிதான குடுத்தோம்?"

சொல்லித்தான் கொடுத்தார்கள். புருஷன் செத்துப்போய், தானும் படுத்த படுக்கையாக ஆஸ்பத்திரியில் கிடந்தாள் சின்னப்பொண்ணு. அவள் மகள் இலக்கியாவைக் கல்வராயன் மலையிலிருந்து அழைத்துவந்து, வடக்கனந்தலில் பிள்ளையில்லாத மலர்விழி வீட்டில் வளர்ப்புக்கு விட்டார்கள். அப்போது குழந்தைக்குப் பேச்சே சரியாகத் திருந்தவில்லை.

இப்போது இரண்டாம் வகுப்பு படிக்கிறாள். மலர்விழியை அம்மா என்கிறாள். மாசத்துக்கு ஒருதரம் வந்து பார்த்துவிட்டுப் போகும் சின்னப்பொண்ணுவை 'மலையம்மா' என்கிறாள்.

கோடை லீவில் மலர்விழி துணிந்து கேட்டுவிட்டாள். "நாங்களே தத்து எடுத்துக்கறோம். நீ சம்மதிச்சாதான் முடியுமாம்." நீட்டிய சம்மதப் பத்திரத்தைச் சின்னப்பொண்ணு நாலாகக் கிழித்து வீசினாள். "ஒடம்பு முடியலன்னுதான் வுட்டேன். வேணாம்னு வுடல" என்று அவள் கத்தியது இந்த ஆபீஸ் வராண்டா முழுக்கக் கேட்டது.

கத்தியதோடு நிற்கவில்லை. மகளைத் திருப்பிக் கொடுங்கள் என்று மனுவும் போட்டுவிட்டாள். அந்த மனுவுக்கு இன்றைக்குத்தான் முடிவு.

கதவு திறந்தது. மலையிலிருந்து காலை முதல் பஸ்ஸில் இறங்கி வந்த சின்னப்பொண்ணு, முந்தானையால் முகத்தைத் துடைத்தபடி உள்ளே வந்தாள். கையில் துணிக்கடைப் பை. அதற்குள்ளிருந்து சின்னதாக ஒரு பட்டுப்பாவாடை எட்டிப் பார்த்தது.

"உக்காரும்மா. ஒடம்பு எப்டி இருக்குது?" என்றார் வீரமணி.

"பாண்டிச்சேரி பெரியாஸ்பத்திரிக்குப் போய்ட்டு வந்தேன் சார். இனிமே வர வேணாம்னு சொல்லிட்டாங்க."

"அப்பாடா, நல்லதாப் போச்சு." வீரமணி நிஜமாகவே சந்தோஷப்பட்டார். "உன் வூட்டையும் எங்க ஆளுங்க வந்து பாத்துட்டாங்க. ஒரு கொறையும் இல்லன்னு எழுதியிருக்காங்க. வெங்கடேசன் பாப்பாவ பள்ளிக்கூடத்துலருந்து கூட்டிக்கினு வந்துகினு இருக்காரு."

வெங்கடேசன் மலர்விழியின் புருஷன். காலையில் சாப்பிடாமலே பைக்கை எடுத்துக்கொண்டு போயிருந்தான்.

சின்னப்பொண்ணு தலையாட்டினாள். பிறகு மெதுவாகக் கேட்டாள். "எம் புருஷனோட அண்ணன் கண்ணாயிரம் இங்க வந்தாரா சார்?"

"வந்தாரு. எங்க வூட்டுப் பொண்ணு, எங்கிட்ட குடுங்கன்னு கேட்டாரு."

"அவுரு பொண்ணுங்க ரெண்டு பேரு படிப்பையும் நிறுத்தி நூல் மில்லுக்கு ஓட்டிட்டாரு சார். பெரியவ அங்கருந்து பொணமாதான் வந்தா."

"நீ இன்னாத்துக்கு பயப்படற? நீ இருக்கற வரைக்கும் அவுருக்கு இதுல ஒரு உரிமையும் கெடையாது."

"அதுக்கப்புறம்?"

"அதுக்கப்புறம்னா... சொந்தக்காரன்னு வந்து கேக்கத்தான் செய்வாரு. சட்டமும் மொதல்ல சொந்தத்தத்தான் பாக்கும். அத ஏம்மா இப்ப பேசிக்கினு?"

மலர்விழியால் அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை. எழுந்து வந்து சின்னப்பொண்ணுவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "எப்பனா ஒருவாட்டி எங்க கண்ல காட்டுவியாம்மா? பனி வந்தா அவளுக்கு வீசிங் வந்துடும். மலைல இன்னும் ஜாஸ்தியா இருக்கும். மருந்து வாங்கித் தரேன், கூடவே..." மேலே பேச முடியாமல் விசும்பினாள்.

சின்னப்பொண்ணு கையை உருவிக்கொள்ளவில்லை. "அவ என்னத் தேடறாளாக்கா?" என்று மட்டும் கேட்டாள்.

பொய் சொல்லிவிடலாம் என்றுதான் மலர்விழி நினைத்தாள். வரவில்லை. "மொதல்ல ரொம்பத் தேடுனா. இப்ப இல்ல."

அறைந்த மாதிரி சின்னப்பொண்ணுவின் முகம் ஒருதரம் கோணியது. பிறகு சரியாகிவிட்டது.

வீரமணி உத்தரவை அவள் பக்கம் நகர்த்திப் பேனாவையும் வைத்தார். "இங்க கையெழுத்து போடு. உன் பொண்ண இன்னிக்கே கூட்டிக்கினு போலாம்."

சின்னப்பொண்ணு பேனாவை எடுத்துக்கொண்டாள். உத்தரவை அவர் பக்கமே திருப்பித் தள்ளினாள்.

"இது வேணாம் சார். அன்னிக்கு நா கிழிச்சிப் போட்டனே, அது மாதிரி இன்னொண்ணு குடுங்க. அக்காவே வச்சிக்கட்டும். நா போன பின்னாடி கண்ணாயிரம் வந்து நின்னா, இது உன் வூட்டுப் பொண்ணு இல்லன்னு நீங்க சொல்லணும்."

"எங்கம்மா போற?" என்று கேட்ட பிறகுதான் வீரமணிக்கு உறைத்தது. பாண்டிச்சேரியில் ஏன் இனிமேல் வர வேண்டாம் என்றார்கள் என்பதும்.

மலர்விழி வாயைப் பொத்திக்கொண்டாள். வாசலில் பைக் வந்து நின்றது. படியில் ஒரு பிள்ளை தடதடவென்று ஏறி வரும் சத்தம் கேட்டது.

சின்னப்பொண்ணு கதவுக்கு முதுகு காட்டித் திரும்பி உட்கார்ந்தாள்.

"சீக்கிரம் குடுங்க சார். அவ மொகத்தப் பாத்துட்டா கை வராது."